முதல் ஆறு டேங்க்

— இதை நான் சரி பண்ணித் தர மாட்டேன் தம்பி. முடியாதுன்னு சொல்லல. பண்ணிப் பிரயோஜனம் இல்ல. இங்க பாருங்க, பிஸ்டன் அப்படியே சிலிண்டரோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. கயித்தை இழுங்க பாப்போம்.

— இழுத்துப் பாத்துட்டேன்க்கா. அசைய மாட்டேங்குது.

— புது இன்ஜின் மாதிரி இருக்கே? வெளியில ஒரு கீறல் இல்ல.

— புத்தம் புதுசு. வேலையா வெளியூர் போன இடத்துல இந்த ரிமோட் காரை வாங்கினேன். டப்பாவ நேத்து சாயங்காலம்தான் பிரிச்சேன்.

— நேத்து பிரிச்சு நேத்தே சோலிய முடிச்சாச்சு. கெட்டிக்காரர்தான் போங்க. என்ன பண்ணீங்க? மறைக்காம சொல்லுங்க. டாக்டர்கிட்டயும் என்கிட்டயும் பொய் சொல்லக் கூடாது.

— மறைக்க என்ன இருக்கு? மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போனேன். டேங்க்ல எண்ணெய ஊத்தினேன், பிளக்கை சூடு காட்டினேன், ஒரே இழுப்பு. கிளம்பிடுச்சு. நம்ம கை ராசி அப்படி. அப்புறம் வண்டி முதுகுல ரெண்டு செங்கல்லை வெச்சுக் கட்டி, ஃபுல் ஸ்பீடுல சுத்த விட்டேன்.

— என்னத்தைக் கட்டினீங்க?

— செங்கல்லுக்கா. லோடு டெஸ்ட். நான் ஜெனரேட்டர் மெக்கானிக். புது செட்டு இறக்கினா முதல் நாளே முழு லோடையும் ஏத்திப் பாத்துருவோம். தாங்குச்சுன்னா ஆயுசுக்கும் தாங்கும்.

— கடவுளே. இந்த இன்ஜின் உங்க கட்டை விரல் அளவுகூட இல்ல தம்பி. அது மேல ரெண்டு செங்கல்லா?

— சின்னச் செங்கல்தான்.

— ஊசியைத் திருகினீங்களா? எண்ணெய் எவ்வளவு போகணும்னு வெக்கற இந்த ஸ்குரு?

— அது வந்து... புகை கன்னாபின்னான்னு வந்துச்சு. இவ்வளவு எண்ணெய வீணாக்குதேன்னு கொஞ்சம் டைட் பண்ணேன். புகை நின்னுச்சு, சத்தம் ஜம்முன்னு ஏறிச்சு. நானே என் முதுகுல தட்டிக்கிட்டேன். அப்புறம் கீச்சுன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

— டீசல் மெக்கானிக்குங்க எல்லாரும் இந்த ஒரு எடத்துலதான் வழுக்கி விழுவீங்க. டீசல்ல புகை வந்தா வியாதி. இதுல புகை வந்தாத்தான் உசிரு. பெட்ரோல் மாதிரி இல்ல இது, உள்ள போற எண்ணெயிலயேதான் வழவழப்பும் போகுது. புகைய நிறுத்தினீங்கன்னா வறண்டு போய் ஒண்ணையொண்ணு தின்னுடும்.

— இருபத்தோரு வருஷ சர்வீஸ்க்கா எனக்கு. லாரி அளவு மெஷினை எல்லாம் ராவோட ராவா பிரிச்சுக் கோத்துருக்கேன். இந்தப் பொடிப்பய கவுத்துட்டான் பாத்தீங்களா?

— சிரிக்காதீங்க, பாக்கவே வயிறு எரியுது. எப்படிப்பட்ட இன்ஜின் தெரியுமா இது? பதமா பழக்கியிருந்தா பாடும்.

— பழக்கறதுன்னா?

— முதல் ஆறு டேங்க். ஓடற மாதிரியும் ஓடாத மாதிரியும், மெதுவா, புகைய விட்டுக்கிட்டே ஓட்டணும். ஒரு டேங்க் எட்டு நிமிஷத்துல தீந்துடும். உடனே ஊத்தி அடுத்ததுன்னு போகக் கூடாது. ஆற விடணும். இன்ஜின் மண்டையில ஒரு சொட்டுத் தண்ணி விட்டா உஸ்ஸுன்னு பறக்காம, நிதானமா ஆவியாகணும். அது வரைக்கும் பக்கத்துலயே குந்தியிருக்கணும். அப்புறம் ரெண்டாவது டேங்க், அப்புறம் மூணாவது. அவசரப்பட்டவன் எவனும் நல்ல இன்ஜின் ஓட்டினதில்ல.

— அப்ப ஆறு டேங்க் முடிய எவ்வளவு நேரமாகும்?

— சோறு தண்ணிய மறந்து உக்காந்தா அரை நாள். நிதானமாப் பண்ணா ஒரு நாள் பூரா போயிடும்.

— ஒரு நாள் பூராவா?

— ஆமா. ஏன், முகம் இப்படி மலருது? எல்லாரும் இதைக் கேட்டா சலிச்சுக்குவாங்க.

— இல்ல, பத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும் இருந்தா முடிச்சுடலாமான்னு கணக்குப் போட்டேன்.

— தாராளமா முடிச்சுடலாம்.

— அப்ப இதே மாதிரி எண்ணெயில ஓடற நைட்ரோ வண்டி இன்னொண்ணு குடுங்கக்கா. நாளன்னிக்கு ஞாயிறு. செங்கல் கட்ட மாட்டேன், சத்தியமா. வாலு வந்ததும் அவளை வெச்சுக்கிட்டே முதல் டேங்க்லேர்ந்து ஆரம்பிக்கறேன்.

— யாரு வாலு?

— என் பொண்ணு. பத்து வயசு. பேரெல்லாம் பள்ளிக்கூடத்துல கூப்பிடறதுக்கு. எனக்கு அவ பொறந்ததுலேர்ந்து வாலுதான்.

— வாலுன்னா கூப்பிடுவீங்க?

— ஆமா. ஏன்க்கா?

— ஒண்ணுமில்ல. இங்க பக்கத்துலயா இருக்கா?

— ரெண்டு தெரு தள்ளி. தையல் கடைக்கு மேல இருக்கற மாடி. அவ அம்மாவோட இருக்கா. நான் ஆத்துக்கு அந்தப் பக்கம். இவ்வளவு தூரம் வந்து இந்தக் கடையத் தேடினதே அதனாலதான். ஏதாவது பழுதுன்னா அவளுக்குப் பக்கத்துல இருக்குமேன்னு.

— எலக்ட்ரிக் எடுத்துக்கங்க தம்பி.

— என்னது?

— அந்தப் பக்கம் அலமாரியில நீலமா இருக்கு பாருங்க. பேட்டரி வண்டி. சார்ஜ் போட்டா ஓடும். பத்து வயசுக்கு அதான் சரி.

— அட போங்க. இவ்வளவு நேரம் பாடும், ஆடும்னு இன்ஜினைத் தாலாட்டிட்டு, திடீர்னு எலக்ட்ரிக்கா?

— உங்களுக்குன்னு நெனச்சுப் பேசினேன். என் கடைக்கு வர்ற பாதி ஆம்பளைங்க பிள்ளைக்குன்னு சொல்லித்தான் வாங்குவாங்க. வாங்கினப்புறம் பிள்ளை ஓரமா நின்னு வேடிக்கை பாக்கும், அப்பன் ஓட்டுவான். நீங்களும் அந்தக் கட்சின்னு நெனச்சுட்டேன். பிள்ளைக்குன்னா எலக்ட்ரிக்.

— அதுல என்னக்கா இருக்கு? ஸ்விட்சப் போட்டா ஓடும், நிறுத்தினா நிக்கும். மிக்ஸி மாதிரி. கையில கருப்பு படாத வண்டி ஒரு வண்டியா?

— வேகத்துல நைட்ரோவுக்கு இம்மிகூடக் குறைஞ்சதில்ல. சத்தம் கிடையாது, கீழ்வீட்டுக்காரன் சண்டைக்கு வர மாட்டான். புகை கிடையாது, மாடியில துணி காயப் போட்டிருந்தா நாறாது. மழை பேஞ்சா வீட்டுக்குள்ள நடையிலயே ஓட்டலாம். நைட்ரோவோட சைலன்சர்ல விரல் பட்டுச்சுன்னா தோல் உரிஞ்சுடும் தெரியுமில்ல?

— நான் பக்கத்துல இருக்கப்ப ஏன் படப் போகுது?

— அந்த எண்ணெய் விஷம். கண்ணுல தெறிச்சா ஆஸ்பத்திரிதான்.

— நான்தானே ஊத்தப் போறேன்.

— கயிறு இழுக்க அவ கைக்கு வலு பத்தாது. ஒரு கையால வண்டிய அமுக்கி, பிளக்குல சூட்டுக் குச்சிய மாட்டி, இன்னொரு கையால சுண்டி இழுக்கணும். பத்து வயசுப் பிள்ளையால தனியா முடியாது.

— தெரியும்க்கா.

— ஓட்டி முடிச்சதும் டேங்க்ல மிச்சத்தை வடிச்சுட்டு, உள்ள ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைச்சு வெக்கணும். ஒரு தடவை மறந்தாலும் துரு ஏறிடும். அதையும் அவளால பண்ண முடியாது.

— தெரியும்க்கா. அதனாலதான் கேக்கறேன்.

— எதனால?

— விடுங்க. உங்களுக்கு வித்தா போதும்தானே? நைட்ரோ வித்தா எண்ணெய்க்கு, பிளக்குக்குன்னு மாசா மாசம் உங்க கடைக்குத்தான் வருவேன். வர்ற யாவாரத்தைக் காலால எத்தித் தள்ற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

— எதனாலன்னு கேட்டேன் தம்பி.

— எலக்ட்ரிக்கை வாங்கிக் குடுத்தா அவ அதை எடுத்துக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவாக்கா. திங்கக்கிழமையும் ஓட்டுவா, செவ்வாயும் ஓட்டுவா. தனியா ஓட்டுவா. அவ அம்மா சார்ஜ் போட்டுத் தருவா. அப்புறம் நான் எதுக்கு? ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, பத்துலேர்ந்து அஞ்சு. கோர்ட்டுல எனக்குன்னு அளந்து கொடுத்தது அவ்வளவுதான். வந்து உக்காருவா. டிவி பாக்கலாமாம்பா. சாப்பிட்டியாம்பேன். பள்ளிக்கூடம் எப்படிப் போகுதும்பேன். நல்லாப் போகுதும்பா. மணி பன்னண்டுகூட ஆயிருக்காது, பேச ஒண்ணும் இருக்காது. பெத்த பொண்ணுக்கும் அப்பனுக்கும் பேச ஒண்ணும் இல்லாமப் போறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?

— ம்.

— நைட்ரோன்னா அது என் வீட்டுல இருக்கும். நான் இல்லாம கிளம்பாது. ஆறு டேங்க் பழக்கணும். ஆற விடணும். ஆறற நேரத்துல பக்கத்துல குந்தியிருந்தா ஏதாவது பேச்சு வரும்ல? வராட்டியும் பரவால்ல, இன்ஜினைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கலாம். அதைத்தான் நேத்து முழுக்க நெனச்சுக்கிட்டிருந்தேன். அவ முன்னாடி மக்கர் பண்ணிடக் கூடாதேன்னுதான் முன்னாடியே ஒரு ஓட்டம் விட்டுப் பாத்தேன். கருக்கிட்டேன்.

— இதை அவகிட்ட சொன்னீங்களா?

— எதை?

— பேச ஒண்ணும் இல்லாமப் போறது கஷ்டமா இருக்குன்னு.

— பத்து வயசுப் பிள்ளைகிட்ட இதையெல்லாம் எப்படிக்கா சொல்றது?

— சரி. நானும் ஒண்ணு கேக்கறேன், கோபப்படக் கூடாது. போன தடவை உங்க ஞாயிறு என்னாச்சு?

— போன தடவையா? ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் செட்டு நின்னுடுச்சு. நான் போகலன்னா ஆபரேஷன் பாதியில நின்னிருக்கும்.

— அதுக்கு முன்னாடி?

— அது ஒரு ஐஸ் குடோன். டன் கணக்கா மீன். அழுகிடும்னு கெஞ்சினான்.

— அதுக்கும் முன்னாடி?

— நீங்க என்ன, கோர்ட்டு வக்கீல் மாதிரி கேக்கறீங்க?

— கடைக்காரிதான். தப்பான சாமானை வித்துட்டு அப்புறம் வருத்தப்பட எனக்கு இஷ்டமில்ல. சொல்லுங்க.

— அதுக்கு முன்னாடி... ஒரு போனும் வரல. குளிச்சு, சட்டை மாத்தி, பஸ் ஏறி, அவங்க தெரு முனை வரைக்கும் வந்தேன். பஸ் ஸ்டாப்புலயே உக்காந்துட்டேன். அஞ்சு மணிக்குத் திருப்பிக் கொண்டு வந்து விடணுமேன்னு நெனச்சேன். விட்டுட்டுத் திரும்பறப்ப அந்தப் படி இருக்கே, பதினெட்டுப் படி, ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கிட்டேதான் இறங்குவேன்க்கா. காலையிலயே அதை நெனச்சு உக்காந்துட்டேன். அப்புறம் போன் பண்ணி, வேலை வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன்.

— அவ என்ன சொன்னா?

— சரிப்பான்னா. எப்பவும் சரிப்பாதான். ஒரு தடவையாவது அழுது அடம் பிடிச்சாளானா, கெடயாது.

— இப்ப நீங்களே சொல்லுங்க. நைட்ரோவை வாங்கி உங்க வீட்டு அலமாரியில வெச்சுட்டு, நீங்க இப்படி வராமப் போனா, வண்டி யாருக்கு? எலக்ட்ரிக்கா இருந்தா அவ பாட்டுக்கு அவ ஓட்டுவா. யாரையும் எதிர்பாக்க வேணாம். ஒரு பிள்ளை வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது இருக்கே, அது நல்லால்ல தம்பி. பாக்கறவங்களுக்கே நல்லால்ல.

— பாத்த மாதிரியே பேசறீங்க.

— தெருவுல கடை வெச்சிருக்கேன். எல்லாத்தையும்தான் பாக்கறேன்.

— இனிமே வருவேன்க்கா. அதுக்குத்தானே இந்த வண்டியே. இது அவளுக்கு மட்டும்னா நெனக்கிறீங்க? இது என்னையும்தான் கட்டிப் போடும். ஞாயித்துக்கிழமை இன்ஜின் காத்துக்கிட்டிருக்கும்னா நான் போகாம இருப்பேனா? மெஷினை நான் என்னிக்கும் கைவிட்டதில்ல.

— மெஷினைக் கைவிட்டதில்ல. சரி. உங்க இஷ்டம். நைட்ரோதானே? சிவப்பு இருக்கு, கறுப்பு இருக்கு. எது?

— சிவப்பு... இருங்கக்கா, ஒரு நிமிஷம், ஆபீஸ்லேர்ந்து. சொல்லுங்க சார்... ஞாயித்துக்கிழமையா? இல்ல சார், இந்த ஞாயிறு மட்டும் வேணாம்னு போன வாரமே சொல்லியிருந்தேனே... ஆமா சார்... தெரியும் சார், அந்த பேனல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்... புதுசா சேந்திருக்கானே, அவனை அனுப்பலாமே?... அதுவும் சரிதான், அவனுக்குப் பிடிபடாது. போன தடவையும் நான்தானே சார் வந்து ஓட்டி விட்டேன்... அதெல்லாம் பெரிய வார்த்தை சார், ஏதோ நம்ம அனுபவம்... எத்தனை மணிக்கு?... எட்டுக்கா... சரி சார். சரி. வந்துடறேன்.

— ஆஸ்பத்திரியா?

— துணி மில்லு. பழைய பேனல்லயே புது செட்டை மாட்டறாங்க.

— ஞாயித்துக்கிழமை ஓடலன்னா யாரு உசிரு போகும்?

— யாரு உசிரும் போகாது. ஆனா நான் இல்லாம ஆகாதுங்கறாங்க. என்ன பண்ண? என் கையிதான் அதுக்குப் பழக்கம்.

— ம்.

— அப்படிப் பாக்காதீங்கக்கா. எனக்கே என் மூஞ்சியில துப்பிக்கலாம் போல இருக்கு.

— நான் ஒண்ணும் சொல்லல.

— சொல்லாமயே சொல்றீங்க. இந்த எழவு போன் ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்திருக்கக் கூடாது? சிவப்பை வாங்கிக் கையில பிடிச்சிருந்தேன்னா ஒருவேளை முடியாதுன்னு சொல்லியிருப்பேன்.

— திரும்பக் கூப்பிட்டு இப்ப சொல்லலாமே.

— வரேன்னு சொல்லிட்டேனே.

— அவகிட்டயும்தானே வரேன்னு சொன்னீங்க. சிவப்பை எடுத்து வெச்சிருக்கேன். என்ன செய்யட்டும்?

— உள்ள வெச்சுடுங்க. அந்த நீலத்தையே குடுங்க.

— எலக்ட்ரிக்கா?

— நீங்க சொன்னதுதான்க்கா ரைட்டு. நான் என்னைப் பத்தியே நெனச்சுக்கிட்டிருந்தேன். பிள்ளைய என் கூடக் கட்டிப் போடறதுக்கு ஒரு வண்டி தேடியிருக்கேன் பாருங்க, எவ்வளவு கேவலம். அவ யார் தயவும் இல்லாம ஓட்டட்டும். பாவம், அவளாவது சந்தோஷமா இருக்கட்டும்.

— பேட்டரியை இந்தத் தீப்பிடிக்காத பையில வெச்சுத்தான் சார்ஜ் போடணும். மெத்தை மேல வெச்சுப் போடக் கூடாது. ராத்திரி தூங்கறப்ப போடக் கூடாது. அவ அம்மாகிட்ட சொல்லணும்.

— நீங்களே சொல்லிடுங்களேன். ரெண்டு தெருதானே. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு நீங்களே கொண்டு போய்க் குடுத்துடுங்க. அப்பா வாங்கித் தந்தாருன்னு சொல்லுங்க. போதும்.

— நான் கொண்டு போய்க் குடுக்கணுமா?

— புண்ணியமாப் போகும்க்கா. போன்ல நான் சொன்னா சரிப்பாம்பா. இதைப் பாத்தாலாவது குதிப்பா இல்ல? எப்படிக் குதிச்சான்னு மட்டும் எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க.

— தம்பி, இந்த டப்பாவை மூட எனக்குக் கை வரல.

— ஏன்? நீங்கதானே நாக்கு வறளச் சொன்னீங்க, இதுதான் நல்லதுன்னு?

— அவளுக்கு இதுதான் நல்லதுன்னு இப்பவும் சொல்றேன். நீங்க வாலுவோட அப்பான்னு தெரிஞ்சுதான் சொன்னேன். அவளை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டதும் பையோட இங்க வந்து, அந்த ஜன்னல் ஓரமா நின்னு, நான் வண்டி ஓட்டிப் பாக்கறதைப் பாத்துக்கிட்டு நிப்பா. வாலுன்னு எங்கப்பா மட்டும்தான் கூப்பிடுவார்னு ஒரு நாள் சொன்னா.

— இங்க வருவாளா? என்கிட்ட சொன்னதே இல்லையே. என்ன கேப்பா? எந்த வண்டி பிடிச்சிருக்குன்னு சொன்னா?

— யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டா, அதான் வாய மூடிக்கிட்டிருந்தேன். இந்த நீலத்தை நானே அவ கையில குடுத்து ஓட்டச் சொன்னேன், நல்லாவே ஓட்டினா. முடிச்சுட்டுத் துடைச்சுத் திருப்பிக் குடுத்தா. 'இது வேணாம் ஆன்ட்டி, இதை நானே ஓட்டிடுவேன். அந்தக் கயிறு இழுக்கிற வண்டிதான் வேணும், அது வந்துட்டா அப்பா வந்துதானே ஆகணும்'னா.